சுசூக்கா 1989, சுசூக்கா 2025: எஃப்1-இன் பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒப்பிட ஒரு வழிகாட்டி

எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) பார்க்கத் தொடங்கிய எல்லாருக்கும் சீக்கிரமே ஒரு சண்டை வந்து சேரும். 2021க்குப் பிறகு பார்க்க வந்தவர் இன்றைய ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனுக்கு நிகர் யாருமில்லை என்பார். பக்கத்திலிருப்பவர் "செனா ஓட்டினதைப் பார்த்திருக்கியா?" என்று 80களின் ஓட்டுநரைக் காட்டிக் கேட்பார். ஒருவர் வெற்றிக் கணக்கை எடுப்பார், இன்னொருவர் 'போல் பொசிஷன்' (ரேஸை முதலிடத்திலிருந்து தொடங்குவது) கணக்கை எடுப்பார். இரண்டு பேர் சொல்லும் எண்ணும் சரியாகவே இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது.

இதை நாமே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எந்த ஆவணத்தை எடுப்பது, எதற்குப் பணம் கட்டுவது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் ஒரு வரிசை பிடிபட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு வார இறுதி ஒதுக்கினால் போதும். பணமே செலவழிக்காமலும் செய்யலாம். முழு ரேஸ்களையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு மாதச் சந்தா ஆகும்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"எந்தக் காலம் சிறந்தது?" என்று தொடங்காதீர்கள். அதற்கு எந்த ஆவணத்திலும் விடை இல்லை. விடை கிடைக்கக்கூடிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு மூன்று கேள்விகள் நன்றாக வேலை செய்யும்:

ஒரே ட்ராக்கில் ஒரு லேப் (ஒரு முழுச் சுற்று) எவ்வளவு வேகமாகியிருக்கிறது, ஏன்?

ஒரு டீமின் ஆதிக்கம் எந்தக் காலத்தில் அதிகம்? 1988இல் மெக்லாரன் 16 ரேஸில் 15ஐ வென்றது. 2023இல் ரெட் புல் 22இல் 21ஐ வென்றது.

கார் கடைசிவரை தாங்குமா?

நான் முதல் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறேன். மற்ற இரண்டும் போகிற வழியில் தானாக வந்து நிற்கும்.

"புதிய காலம்" என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 2022 முதல் 2025 வரை அடிப்படை விதிகள் ஒரே குடும்பம். 2026இல் கார் சிறியதாகி, எடை குறைந்து, எஞ்சின் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து வருவதாகி, டிஆர்எஸ் (முந்துவதற்காகப் பின்சிறகைத் திறக்கும் வசதி) போய்விட்டது. ஆகவே 2026ஐயும் 2025ஐயும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். தொடக்கத்துக்கு 2025 வரை நிறுத்திக்கொள்வது நல்லது.

2. ஒரே ட்ராக், இரண்டு ஆண்டுகள்

ஒப்பீட்டின் பாதி வேலை ட்ராக்கைத் தேர்ந்தெடுப்பதில் முடிந்துவிடும். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ட்ராக் ஒன்றாகிவிடாது. பெரும்பாலானவர்கள் விழும் குழி இதுதான்.

ஸ்பா 1970 வரை 14 கிலோமீட்டர் நீளம், இப்போது 7. ஹாக்கன்ஹைமில் காட்டுக்குள் ஓடிய நீண்ட நேர்ப்பாதைகளை 2002இல் வெட்டிவிட்டார்கள். பிரேசிலின் இன்டர்லாகோஸ் 1990இல் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. மொன்ஸாவில் 1971 வரை ஷிகேன்களே (வேகத்தைக் குறைக்க வைக்கும் நெளிவுகள்) கிடையாது. 1971 ரேஸில் முதல் ஐந்து இடத்துக் கார்களும் ஒரு வினாடிக்குள் முடித்தன என்று கேட்டு வியக்கும் முன், ஒன்றன் பின்னால் ஒன்றாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடிய ட்ராக் அது என்பதை நினைவில் வையுங்கள். மொனாக்கோ மாறவே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அங்கேயும் நீச்சல்குளப் பகுதியின் வளைவுகளை 1997இலும் அதற்குப் பிறகும் திருத்தியிருக்கிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஜப்பானின் சுசூக்கா. 1987இல் எஃப்1 அங்கு வந்ததிலிருந்து 8 என்ற எண் போன்ற அதன் வடிவம் அப்படியே இருக்கிறது. 130ஆர் என்ற அதிவேக வளைவையும் கடைசி ஷிகேனையும் 2003க்காக மாற்றினார்கள், மற்றவை சிறு திருத்தங்கள். 1989இல் நீளம் 5.859 கிலோமீட்டர், இப்போது 5.807.

இனி கணக்கு. 1989இல் செனாவின் போல் நேரம் 1:38.041. 2025இல் வெர்ஸ்டாப்பனின் போல் நேரம் 1:26.983. நேரத்தை நேரத்தோடு கழித்து "11 வினாடி" என்று நிறுத்திவிடாதீர்கள். நீளம் கொஞ்சம் மாறியிருப்பதால் சராசரி வேகமாக மாற்றுங்கள். நீளத்தை நேரத்தால் வகுத்து 3600ஆல் பெருக்கினால் போதும், போனில் இருக்கும் கால்குலேட்டரே செய்துவிடும். 1989க்கு மணிக்குச் சுமார் 215 கிலோமீட்டர், 2025க்குச் சுமார் 240. உங்கள் நோட்டில் முதலில் எழுத வேண்டியது இந்த இரண்டு எண்கள்தான்.

இந்த ஜோடியில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம்: ட்ராக் ஹோண்டாவுக்குச் சொந்தமானது, இரண்டு போல் கார்களுக்குள்ளும் ஹோண்டா எஞ்சின்.

3. ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

வீடியோவுக்கு முன்னால் ஆவணம். முதலில் வீடியோவைப் பார்த்துவிட்டால் வர்ணனையாளர் சொன்னது மனதில் பதிந்துவிடும், அப்புறம் எண்ணைச் சரியாகப் படிக்க மாட்டீர்கள்.

எடுக்க வேண்டியவை இவை:

எஃப்1-இன் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருக்கும் முடிவுப் பக்கங்கள். 1950 முதல் எல்லா ரேஸும் உண்டு, இலவசம். குவாலிஃபையிங் (தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம்), தொடக்க வரிசை, ரேஸ் முடிவு மூன்றையும் தனித்தனியாகச் சேமியுங்கள்.

எஃப்1 விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் தளத்தில் அந்தந்த ரேஸுக்கான பிடிஎஃப்கள். 2025 ஜப்பான் ரேஸுக்கு லேப் வாரியான நேரம், பிட் ஸ்டாப் பட்டியல், ஸ்டீவர்டுகள் என்ற நடுவர்களின் தீர்ப்புகள் எல்லாம் எண் போட்டு வரிசையாக இருக்கும். இதுவும் இலவசம். 1989க்கு இந்த அளவு விவரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அந்தந்த ஆண்டுக்கான ஸ்போர்ட்டிங், டெக்னிக்கல் விதிகள். இப்போதைய விதிகள் எஃப்ஐஏ தளத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். பழைய ஆண்டுகளுக்கு விக்கிபீடியாவின் சீசன் பக்கமே போதும்.

அந்தக் காலத்தில் எழுதிய ரேஸ் செய்தி ஒன்று. 1924 முதல் வரும் மோட்டார் ஸ்போர்ட் பத்திரிகையின் பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. கட்டணம் கேட்டால் விட்டுவிடலாம், இது இல்லாமலும் வேலை நடக்கும். ஆனால் கிடைத்தால் படியுங்கள். பின்னாளில் எழுதியவர்களுக்கு முடிவு தெரியும். அன்று எழுதியவருக்கு அது தெரியாது. அதனால் எழுத்து வேறு மாதிரி இருக்கும்.

பைத்தான் தெரிந்தவர்கள் ஃபாஸ்ட்எஃப்1 என்ற இலவச நூலகத்தைப் பயன்படுத்தலாம். 2018 முதல் கார் எந்த இடத்தில் எவ்வளவு வேகம், எங்கே பிரேக் என்பதுவரை வரைபடமாகப் போடலாம். லேப் நேரங்கள் மட்டும் என்றால் திறந்த தரவுகளில் 1996 வரை பின்னால் போகலாம். அதற்கு முன் லேப் வாரியாக ஒப்பிட முயன்று நாளை வீணாக்காதீர்கள்.

முடிவுப் பக்கத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1989 பட்டியலில் 'ப்ரீ-குவாலிஃபையிங்கில் தேறவில்லை' என்று சிலர் பெயருக்கு எதிரே இருக்கும். அந்த ஆண்டு 39 பேர் பதிவு செய்திருந்தார்கள், ரேஸில் இடம் 26 பேருக்குத்தான். வெள்ளிக்கிழமை காலையில் 13 கார்கள் குவாலிஃபையிங்கில் நுழைய நான்கு இடத்துக்காகப் போராடும். அதில் தோற்றவர்கள் அன்று காலையே மூட்டை கட்ட வேண்டும். 2025இல் 20 கார், எல்லாமே ரேஸில் ஓடும். "கடைசி இடம்" என்ற சொல்லுக்கு இரண்டு காலத்திலும் ஒரே எடை கிடையாது.

இன்னொரு குழி: போல் பொசிஷனும் மிக வேகமான குவாலிஃபையிங் நேரமும் எப்போதும் ஒரே ஆளுடையதாக இருக்காது. 2012 மொனாக்கோவில் குவாலிஃபையிங்கின் கடைசியான மூன்றாம் கட்டத்தில் மிக வேகமாக ஓட்டியவர் மைக்கேல் ஷூமாக்கர். முந்தைய ரேஸில் வாங்கிய ஐந்து இட அபராதத்தால் ஆறாவதாகத் தொடங்கினார், போல் வெப்பருக்குப் போனது. தொடக்க வரிசையை மட்டும் பார்த்தால் ஷூமாக்கரின் அந்த லேப் உங்கள் கண்ணிலேயே படாது.

4. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நோட்டில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 1989, வலப்பக்கம் 2025. கீழே உள்ளவற்றை நிரப்புங்கள்.

எடை. 1989இல் குறைந்தபட்சம் 500 கிலோ, 2025இல் 800 கிலோ. இங்கே அவசரப்படாதீர்கள். 1995க்கு முன் அந்த எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை, அதற்குப் பிறகுதான் சேர்த்தார்கள். ஓட்டுநருக்கும் அவர் உடைக்கும் 70 கிலோ போட்டாலும் 2025 கார் 200 கிலோவுக்கு மேல் கனம். இவ்வளவு கனத்தோடு 25 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது என்றால் டயரும் தரையோடு அழுத்தும் காற்றியக்கமும் எந்த அளவு வளர்ந்திருக்க வேண்டும்! சுசூக்காவின் முதல் பகுதியில் வரும் 'எஸ்' வளைவுகளில் இதை நேரடியாகவே பார்க்கலாம்.

எஞ்சின். 1989இல் 3.5 லிட்டர், டர்போ கிடையாது. 2025இல் 1.6 லிட்டர் வி6 டர்போ, கூடவே மின்மோட்டார்.

கியர். மெக்லாரனில் 1989இல் கையால் போடும் கியர். ஸ்டீயரிங்கிலேயே விரலால் இழுக்கும் துடுப்பு வைத்த கியர்பாக்ஸை அந்த ஆண்டு ஃபெராரி கொண்டுவந்து, பிரேசிலில் முதல் ரேஸிலேயே மேன்செல் கையில் வென்றது.

குவாலிஃபையிங். 1989இல் வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒரு மணி நேரம், எதில் நல்ல நேரமோ அது கணக்கு. ஒரு நாள் மழை பெய்தால் மற்ற நாள் நேரமே நிற்கும். ஒரு லேப்புக்காகவே செய்த குவாலிஃபையிங் டயர்களும் அப்போது இருந்தன. இன்றைய மூன்று கட்ட முறை 2006இல் வந்தது.

எரிபொருள். வேறு ஆண்டுகளை எடுக்கிறவர்கள் இந்த வரியைக் கட்டாயம் நிரப்புங்கள். 1994 முதல் 2009 வரை ரேஸ் நடுவில் எரிபொருள் நிரப்பலாம். 2003 முதல் 2009 வரை போலுக்கான லேப்பையே ரேஸுக்கான எரிபொருளைச் சுமந்துகொண்டு ஓட்டினார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஆண்டுகளின் போல் நேரத்தை எடுத்தால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

மொன்ஸா 2004 இதற்குச் சரியான பாடம். போல் பாரிக்கெல்லோவுக்கு, நேரம் 1:20.089. ஆனால் அந்த வார இறுதியில் யாரும் தொட முடியாத லேப் மோன்டோயாவுடையது. எரிபொருள் குறைவாக வைத்து ஓட்டிய முதல் கட்டத்தில் 1:19.525. அது 2018 வரை மொன்ஸாவின் மிக வேகமான லேப்பாக நின்றது. ரேஸில் பாரிக்கெல்லோ போட்ட 1:21.046 லேப் ரெக்கார்டு இன்னும் நீண்ட காலம் நின்றது. 2025இல்தான் நாரிஸ் 1:20.901இல் அதை உடைத்தார். 21 ஆண்டு! 2004 காரின் எடை ஓட்டுநரோடு 605 கிலோ. பாதியில் எரிபொருள் நிரப்பலாம் என்பதால் தொட்டியும் கனமில்லை. 2025 கார் ரேஸ் தொடங்கும்போது 800 கிலோவோடு சுமார் 100 கிலோ எரிபொருளையும் சுமந்தது. நாரிஸ் அந்த லேப்பைப் போட்டது ரேஸின் இறுதிக் கட்டத்தில், தொட்டி காலியாகிக்கொண்டிருந்தபோது. "இருபது ஆண்டாக முன்னேற்றமே இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு எடை, எரிபொருள் என்ற இந்த இரண்டு வரிகளைக் காட்டுங்கள்.

5. டீம்மேட்டோடு ஒப்பிடுங்கள்

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள்.

இரண்டு காலத்து ஓட்டுநர்களை நேராக ஒப்பிட வழியே இல்லை. கார் வேறு, டயர் வேறு, எதிராளிகள் வேறு. ஆனால் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பக்கத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: அதே நாளில், அதே காரில் ஓட்டிய டீம்மேட். முதலில் ஒருவர் தன் டீம்மேட்டைவிட எவ்வளவு வேகம் என்று பாருங்கள். அந்த இடைவெளியை விழுக்காடாக்கி இன்னொரு காலத்தின் இடைவெளியோடு வையுங்கள்.

சுசூக்கா 1989: மெக்லாரனில் செனா 1:38.041, அவருடைய டீம்மேட் புரோஸ்ட் 1:39.771. இடைவெளி 1.730 வினாடி, ஏறக்குறைய 1.8 விழுக்காடு. மொத்தம் நான்கு முறை சாம்பியன் ஆகப்போகும் புரோஸ்ட் அந்த சீசனின் சாம்பியனும்கூட. அப்படிப்பட்டவரை ஒரே லேப்பில் ஒன்றே முக்கால் வினாடி பின்னால் தள்ளியிருக்கிறார் செனா.

சுசூக்கா 2025: மெக்லாரனில் நாரிஸ் 1:26.995, பியாஸ்ட்ரி 1:27.027. இடைவெளி 0.032 வினாடி, 0.04 விழுக்காடுகூட இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் இரண்டு காலங்களுக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு உறைத்தது. 1989இல் ஓட்டுநரின் கையில் நிறைய விடப்பட்டிருந்தது. கியர் மாற்றுவதில் தவறலாம், டயர் ஒரே லேப்பில் தீர்ந்துவிடும், அந்த லேப்பில் மெதுவான வேறு கார்கள் குறுக்கிட்டால் போச்சு. இன்று சிமுலேட்டரில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். டீம்மேட் எந்த வளைவில் எத்தனை மீட்டர் தள்ளி பிரேக் பிடித்தார் என்பது சில நிமிடத்தில் திரையில் வந்துவிடுகிறது. இடைவெளி சுருங்கியதால் இன்றைய ஓட்டுநர் திறமை குறைந்தவர் என்று ஆகாது. வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்காகப் போராட வேண்டிய நிலை அவருடையது. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்: அன்றைய இடைவெளியைக் காட்டி இன்றைய ஓட்டுநரைத் தாழ்த்துவது நியாயமே இல்லை.

எச்சரிக்கை இரண்டு. ஒரே சனிக்கிழமையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், முழு சீசனை எண்ணுங்கள். 1988இல் குவாலிஃபையிங்கில் செனா 14, புரோஸ்ட் 2. 2023இல் வெர்ஸ்டாப்பன் 20, பெரெஸ் 2. அப்புறம், சனிக்கிழமைக் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு ஆகாது. 1988இல் 14க்கு 2 என்று தோற்ற அதே புரோஸ்ட், ரேஸ்களில் ஏழை வென்றார். செனா எட்டு.

6. புள்ளிகளை அப்படியே கூட்டாதீர்கள்

1988இல் புரோஸ்ட் சேர்த்தது 105 புள்ளி, செனா 94. சாம்பியன் செனா. விக்கிபீடியாவின் சீசன் பக்கத்தில் புரோஸ்ட்டுக்கு நேரே 87 என்றும் பக்கத்தில் பிறையடைப்பில் 105 என்றும் இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள். காரணம் எளிது: அந்த ஆண்டு 16 ரேஸில் சிறந்த 11 மட்டுமே கணக்கு. அப்படிக் கழித்தால் செனாவுக்கு 90, புரோஸ்ட்டுக்கு 87. இந்தக் கழிக்கும் முறை 1990 வரை இருந்தது.

வெற்றிக்கான புள்ளியும் மாறிக்கொண்டே வந்தது: 1950களில் 8, 1961 முதல் 9, 1991 முதல் 10, 2010 முதல் 25. 1960 முதல் 2002 வரை முதல் ஆறு பேருக்கு மட்டும், 2003 முதல் எட்டு பேருக்கு, 2010 முதல் பத்து பேருக்கு. 2005 இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் ரேஸுக்கு முந்தைய ஃபார்மேஷன் லேப்போடு விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. ஜோர்டான் டீமில் ஓட்டிய நம் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக முடித்து ஐந்து புள்ளி எடுத்தார். இன்று நான்காவது இடத்துக்கு 12 புள்ளி. புள்ளியை மட்டும் பார்த்தால் அந்த நாளில் என்ன நடந்தது என்பதும் தெரியாது, அதன் மதிப்பும் தெரியாது.

ஆகவே வெற்றியை ரேஸால் வகுத்து விழுக்காடு எடுங்கள். 1950களின் ஃபேன்ஜியோ 51 ரேஸில் 24 வெற்றி, 47 விழுக்காடு. 1960களின் கிளார்க் 72இல் 25, ஏறக்குறைய 35. செனா 161இல் 41, 25 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இதிலும் கண் வையுங்கள்: ஃபேன்ஜியோவின் 24இல் இரண்டு, இன்னொருவரோடு ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டியவை. அன்றைக்கு அது விதிப்படி செல்லும். 1952இல் அஸ்காரி எட்டு ரேஸில் ஆறை வென்றார் என்று இருக்கும். அந்த எட்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 ரேஸும் ஒன்று. ஐரோப்பாவில் அவர் தொடங்கிய ஆறு ரேஸையும் வென்றிருக்கிறார். அந்த ஆண்டு ஐரோப்பிய ரேஸ்கள் ஃபார்முலா 2 விதிப்படி நடந்தன என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

7. இப்போது பாருங்கள்: செலவும் நேரமும்

முதலில் இலவசம். எஃப்1-இன் அதிகாரப்பூர்வ யூடியூப் பக்கத்தில் பழைய ஆன்போர்டு லேப்களும் (காரிலேயே பொருத்திய கேமரா எடுத்தவை) ரேஸ் சுருக்கங்களும் நிறைய உண்டு. ஓர் இரவுக்கு அதுவே போதும்.

முழு ரேஸ் வேண்டுமென்றால் எஃப்1 டிவியின் பழைய ரேஸ் தொகுப்பு. பணம் கட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, உங்கள் நாட்டுக்கான திட்டத்தில் பழைய ரேஸ்கள் உண்டா, எந்த ஆண்டிலிருந்து? திட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். நான் பணம் கட்டிய ஒரு சேவையில் நேரலை மட்டும்தான் இருந்தது, பழைய ரேஸ் இல்லை என்பது கட்டிய பிறகே தெரிந்தது, பணத்தையும் திருப்பித் தரவில்லை. இரண்டு, மாதச் சந்தாவா ஆண்டுச் சந்தாவா? இந்த வேலைக்கு ஒரு மாதம் தாராளம். மூன்று, தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோபேயை எங்கே நிறுத்துவது? பணம் கட்டிய அன்றே போய் நிறுத்திவிடுங்கள், மாத முடிவுவரை பார்க்க முடியும் என்று உறுதி செய்துகொண்டு.

எப்போது வாங்குவது? ரேஸ் இல்லாத மாதத்தில். ஆகஸ்ட் விடுமுறை, அல்லது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. சீசன் நடுவில் வாங்கினால் ஒவ்வொரு ஞாயிறும் நேரலைக்குப் போய்விடும், பழையதைத் தொட மாட்டீர்கள்.

டேட்டாச் செலவைக் குறைக்க ஒரு வழி. முழு எச்டியில் பார்த்தால் மணிக்கு இரண்டு மூன்று ஜிபி போகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் ரேஸ் பாதியிலேயே நின்றுவிடும். 1989 ஒளிபரப்பு சதுரத் திரைக்காக எடுத்தது, அதில் எச்டிக்கான விவரமே கிடையாது. 480பியில் வைத்தால் போதும். எச்டியை 2025க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் 80களின் கடைசியில் எடுத்த ஆன்போர்டு லேப் ஒன்று, உடனே 2025 ஆன்போர்டு. பழைய லேப்பில் கைகளைப் பாருங்கள். வலது கை ஸ்டீயரிங்கை விட்டுக் கியருக்குப் போகும், வளைவுக்குள் கார் உதறிக்கொண்டிருக்கும்போது இடது கை தனியாகத் தாங்கும், கை திரும்பி வந்து பிடிக்கும், அடுத்த கியருக்கு மறுபடி போகும். ஒரு லேப் முழுக்க இதே போராட்டம். 2025இல் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டு எடுக்கவே மாட்டார்கள், ஆனால் கட்டைவிரல்கள் சும்மா இருக்காது. வளைவுக்கு வளைவு பிரேக் சமநிலையை மாற்றும், பேட்டரியைக் கவனிக்கும். உடல் உழைப்பு அன்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது கழுத்திலும் தலைக்குள்ளும் நடக்கிறது.

"பழைய கார்தான் வேகமாகத் தெரிகிறது" என்று தோன்றும். பெரும்பாலும் கேமராவால் வருவது அது. பழைய கேமரா குலுங்கும், ட்ராக்குக்குப் பக்கத்தில் இருக்கும். இன்றைய படம் அசையாமல் தெளிவாக வருவதால் 300 கிலோமீட்டர் வேகமும் அமைதியாகத் தெரியும். உங்கள் நோட்டில் இருக்கும் 215, 240 என்ற எண்களை நம்புங்கள்.

அப்புறம் முழு ரேஸ். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குள். 1989இல் ஷிகேனில் புரோஸ்ட்டும் செனாவும் மோதிக்கொண்டதும், செனா வென்றும் தகுதிநீக்கம் செய்யப்பட்டு நன்னினிக்கு வெற்றி போனதும் எல்லாரும் பேசுவது. நீங்கள் அதோடு, யார் யார் எந்த லேப்பில் வெளியேறுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். தொடங்கிய 26 கார்களில் பாதிக்கு மேல் முடிக்கவில்லை. 2025இல் 20 காரும் முடித்தன, ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனால் முதல் மூவர் தொடங்கிய வரிசையிலேயே முடித்தார்கள். எது பார்க்க நன்றாக இருந்தது என்பது உங்கள் ரசனை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கார் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்ற பதற்றம் 1989ஐக் கடைசிவரை பார்க்க வைத்தது.

பழைய ரேஸ்களைத் தேடும்போது 1994 இமோலாவைத் தெரியாமல் திறந்துவிடாதீர்கள். அந்த வார இறுதியில் ராட்ஸென்பெர்கரும் செனாவும் இறந்தார்கள். ஆபத்து அதிகம் இருந்ததால் அந்தக் காலம் உயர்ந்தது என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. 2020 பஹ்ரைனில் தடுப்பை உடைத்துத் தீப்பிடித்த காரிலிருந்து குரோஷான் தானாக இறங்கி வந்தார். ஒப்பீட்டில் புதிய காலத்தின் பக்கம் முதலில் எழுத வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

8. நேரில் பார்க்க விரும்பினால்

இது கட்டாயமில்லை. பழைய கார்களை ஓடும் நிலையில் பார்க்கச் சிறந்த இடம் மொனாக்கோ ஹிஸ்டாரிக் கிராண்ட் பிரி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, எஃப்1 ரேஸுக்குச் சில வாரம் முன்பு, அதே தெருக்களில் நடக்கும். எஃப்1 வாரத்தைவிட டிக்கெட்டும் தங்குமிடமும் எளிதாகக் கிடைக்கும்.

பிரான்ஸ் வழியாகப் போவதால் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு போனால் எடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு அறிக்கை, விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் கையில் இருக்கட்டும். விசா மையத்தில் நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ரேஸ் டிக்கெட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

9. இரண்டு வார இறுதிக்கான திட்டம்

முதல் சனி காலை: கேள்வியும் ட்ராக்கும். பிற்பகல்: ஆவணங்களைச் சேமித்தல், இரண்டு மணி நேரம். ஞாயிறு: விதிப் பக்கம், சராசரி வேகம், டீம்மேட் கணக்கு.

இரண்டாம் சனி: இரவில் ஆன்போர்டுகள், அப்புறம் 1989 ரேஸ். ஞாயிறு: 2025 ரேஸ். அன்றிரவே ஒரு பக்கத்துக்குள் உங்கள் முடிவை எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று குறியுங்கள். ஆவணம் இல்லாத வாக்கியம் உங்கள் ரசனை, அதையும் ரசனை என்றே எழுதிவிடலாம்.

அடுத்த ஜோடிக்கு இன்டர்லாகோஸ் 1991, 2024. ட்ராக் சுருங்கிய பிறகு நடந்தவை என்பதால் நீளம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் கியர்பாக்ஸ் ஒத்துழைக்காமல் செனா சொந்த ஊரில் வென்றார், இன்னொன்றில் வெர்ஸ்டாப்பன் 17வது இடத்திலிருந்து வந்து வென்றார். 2024இல் மழையால் குவாலிஃபையிங் ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போய் ஈரத்தில் நடந்தது, ஆகவே இந்த ஜோடியில் போல் நேரத்தை விட்டுவிட்டு ரேஸை மட்டும் எடுங்கள்.